முதலில் ஊகம், அப்புறம் தொடுதிரை

வகுப்பறைக்கு நல்ல இலவசச் செயலியை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒரு சின்னச் சோதனையிலிருந்து தொடங்குவோம். மேசைமேல் ஒரு டேப்லெட் அசையாமல் கிடக்கிறது. அதற்குள் முடுக்கத்தை அளக்கும் உணரி ஒன்று இருக்கிறது. இந்த நேரத்தில் அது எவ்வளவு காட்டும்? அதே டேப்லெட்டை ஒரு தலையணைமேல் விழும்படி கையிலிருந்து விட்டால், காற்றில் விழுந்துகொண்டிருக்கும் அந்தக் கணத்தில் எவ்வளவு காட்டும்? மேலே படிப்பதற்கு முன் இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

கிடக்கும்போது சுழியம், விழும்போது 9.8 (மீட்டர்/நொடி²) என்று எழுதத்தான் கை போகும். பாடத்தில் படித்தது அப்படி நினைக்க வைக்கும். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில், ஈர்ப்பு சேர்ந்த முடுக்கத்தைக் காட்டும் பகுதியைத் திறந்து பாருங்கள். (ஈர்ப்பைக் கழித்துக் காட்டும் பகுதியும் பக்கத்திலேயே இருக்கும், அது வேண்டாம்.) கிடக்கும்போது ஏறக்குறைய 9.8. விழும்போது கிட்டத்தட்ட சுழியம்.

காரணம் சில்லுக்குள் இருக்கிறது. சிலிக்கானில் செதுக்கிய மிகச் சிறிய எடை ஒன்று, அதே சிலிக்கானால் ஆன மெல்லிய வில்களில் தொங்குகிறது. எடை நகர்ந்தால் அதற்கும் பக்கத்துத் தகடுகளுக்கும் உள்ள இடைவெளி மாறும், அதனால் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறன், மாறும். அந்த மாற்றத்தைத்தான் சில்லு எண்ணாக்கித் தருகிறது. டேப்லெட் மேசைமேல் இருக்கும்போது புவி அந்த எடையைக் கீழே இழுக்கிறது. வில் வளைந்து அதைத் தாங்குகிறது. வில் வளைந்தால் முடுக்கம், அவ்வளவுதான் உணரிக்குத் தெரியும். விழும்போது பெட்டியும் எடையும் சேர்ந்தே விழுகின்றன. தாங்க வேண்டிய தேவை இல்லாததால் வில் நிமிர்ந்துவிடுகிறது. விண்வெளி நிலையத்தில் மிதப்பவர்கள் எடையை உணராததற்கும் இதே காரணம்தான்: நிலையமும் அவர்களும் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கிறார்கள்.

தாளில் தவறான எண்ணை எழுதிய மாணவர் இந்த விளக்கத்தைக் கேட்கும் விதமே வேறு. எழுதாமல் வேடிக்கை பார்த்தவர் "சரி, அப்படியா" என்று கடந்துவிடுவார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் எரிக் மஸூரின் குழு இதைச் சோதித்து 2004-இல் வெளியிட்டது. வகுப்பில் இயற்பியல் செய்முறையை வெறுமனே பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்கவே பார்க்காதவர்களைவிடச் சற்றுத்தான் கூடுதலாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துவிட்டுப் பார்த்தவர்கள் அவர்களை முந்தினார்கள். ஊகிப்பதற்கு ஓரிரு நிமிடம் போதும்.

வகுப்பறைக்கு இலவசச் செயலி தேடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: பதிலைக் காட்டுவதற்கு முன் மாணவரின் மூளையிலிருந்து எதையாவது வரவழைக்கிறதா? படத்தின் அழகும் குரலின் இனிமையும் இரண்டாம் பட்சம்.

நினைவட்டைச் செயலிகளை எடுத்துக்கொள்வோம். அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் விடை. பார்க்க ஒன்றுமே இல்லாத செயலி, ஆனால் உள்ளே நல்ல கணக்கு ஓடுகிறது. அதன் வேர் 1885-இல் இருக்கிறது. ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்தார். ஒரு நாள் கழிந்தபின் அவரது அளவையில் மிஞ்சியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மறதி முதல் சில மணி நேரத்தில் பாய்ந்து வருகிறது, பிறகு வேகம் குறைகிறது. ஒவ்வொரு முறை நினைவுபடுத்தும்போதும் அடுத்த மறதி இன்னும் தள்ளிப்போகிறது.

அப்படியானால் ஒன்றை மறுபடி கேட்க ஏற்ற நேரம், அது மறக்கப்போகும் சமயம். 1987-இல் போலந்தைச் சேர்ந்த பியோத்ர் வோஸ்னியாக் இதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். முதல் இடைவெளி 1 நாள். அடுத்தது 6 நாள். அதன்பின் ஒவ்வொரு முறையும் முந்தைய இடைவெளியை 2.5-ஆல் பெருக்கு: 15 நாள், 38 நாள் என்று நீளும். மாணவர் தடுமாறினால் அந்த 2.5 குறையும், ஆனால் 1.3-க்குக் கீழே போகாது. மறந்தேவிட்டால் அட்டை மீண்டும் 1 நாளிலிருந்து தொடங்கும். 2006-இல் வந்த அன்கி என்ற நினைவட்டைச் செயலி இந்தச் சூத்திரத்தைத் தழுவி எழுந்ததுதான். அன்கி என்றால் ஜப்பானிய மொழியில் மனப்பாடம். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் இதன் வடிவமான அன்கிட்ராய்டு முழுக்க இலவசம், ஐபேடில் மட்டும் அதிகாரபூர்வச் செயலிக்குப் பணம் கட்ட வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. "விடையைக் காட்டு" என்ற பொத்தானை மாணவர் உடனே தட்டிவிடலாம். விடையைப் பார்த்ததும் "இது எனக்குத் தெரியுமே" என்று தோன்றும். அது தெரிந்ததன் அடையாளம் இல்லை, பழகிய முகத்தைப் பார்க்கும் உணர்வு மட்டுமே. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் இதைத் துல்லியமாகக் காட்டினார்கள். ஒரு பகுதியை இரண்டு முறை படித்த மாணவர்கள், ஒரு முறை படித்து ஒரு முறை நினைவிலிருந்து எழுதிப்பார்த்தவர்கள் என இரண்டு நிலைகள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து அவர்கள் நினைவில் நின்றது 42 சதவீதம், எழுதிப்பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். ஆகவே விடையை வாய்விட்டோ நோட்டில் எழுதியோ சொன்ன பிறகே பொத்தானைத் தொடுவது என்று வகுப்பில் பழக்கிவிட வேண்டும். செயலியால் இதைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆசிரியரால் முடியும்.

கணிதத்துக்கு ஜியோஜீப்ரா என்ற செயலி. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் தம் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது. தாளில் வரைந்த உருவத்துக்கும் இதில் வரையும் உருவத்துக்கும் உள்ள வேறுபாடு, இது உறவுகளை நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதுதான். ஒரு பக்கத்தின் நடுப்புள்ளியைக் குறித்தால், அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதோடு எதைச் சார்ந்திருக்கிறது என்பதும் பதிவாகிறது. ஒரு முனையை விரலால் இழுத்தால், அதைச் சார்ந்தவை, அவற்றைச் சார்ந்தவை என்று வரிசையாகக் கணக்குப் போட்டு மறுபடி வரைகிறது.

மாணவர்களை ஏதாவது ஒரு கோணல்மாணலான நாற்கரம் வரையச் சொல்லுங்கள். நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் இணைக்கப்போகிறோம், உள்ளே எந்த உருவம் வரும் என்று எழுதச் சொல்லுங்கள். "ஒழுங்கில்லாத ஏதோ ஒன்று" என்று பலர் எழுதக்கூடும். வருவது இணைகரம். எந்த முனையை எப்படி இழுத்தாலும், நாற்கரத்தை உள்ளே குழிய வைத்தாலும் இணைகரமே வரும். வாரின்யோன் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளரின் தேற்றம் இது, 1731-இல் அச்சானது. ஒரு மூலைவிட்டத்தை வரைந்தால் நிரூபணமும் கிட்டத்தட்ட முடிந்துவிடும். இணைகரத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் அந்த மூலைவிட்டத்துக்கு இணை, இரண்டும் அதில் பாதி. "எப்போதும் வருதே, ஏன்?" என்று மாணவர் கேட்ட பிறகு சொல்லும் நிரூபணத்துக்குத்தான் வலு அதிகம்.

இனி 'இலவசம்' என்ற சொல். மேலே சொன்னவை பல்கலைக்கழகங்களிலிருந்தோ தன்னார்வலர்களின் உழைப்பிலிருந்தோ வந்தவை. விளம்பரத்தால் ஓடும் செயலிகளின் கணக்கு வேறு. குழந்தை எவ்வளவு நேரம் திரையில் இருக்கிறதோ அவ்வளவு வருமானம். அதனால் யோசிக்க வைக்கும் தடங்கல் அவற்றுக்கு நஷ்டம், தட்டத் தட்ட நட்சத்திரம் கொட்டுவது லாபம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டுகள் பலவற்றில், ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனால் சரியான விடை வந்துவிடும். குழந்தை எதையும் யோசிக்கவில்லை, ஆனால் மத்தாப்பு வெடிக்கிறது. இந்த வீண்பாராட்டு எனக்குக் கவலை தருகிறது.

சோதிக்க எளிய வழி உண்டு. கேள்வியைப் படிக்காமலேயே ஐந்து நிமிடம் கண்டபடி தட்டிப் பாருங்கள். அடுத்த நிலைக்குப் போய்விட்டீர்களா? அழித்துவிடலாம். தவறான விடைக்குச் செயலி என்ன செய்கிறது என்பதையும் கவனியுங்கள். சத்தம் மட்டும் போட்டால் போதாது, எங்கே பிசகியது என்று காட்ட வேண்டும்.

ஆளுக்கொரு டேப்லெட் வேண்டும் என்பதும் இல்லை. மூன்று பேருக்கு ஒன்று இருந்தால் ஊகங்கள் மோதும், வாக்குவாதம் வரும். கற்றல் நடப்பது அங்கேதான். ஒலியின் வேகத்தை அளக்க இரண்டே டேப்லெட் போதும். ஃபைஃபாக்ஸில் ஒலியால் இயங்கும் நிறுத்துக்கடிகாரம் இருக்கிறது. முதல் சத்தத்தில் ஓடத் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும். இரண்டையும் 5 மீட்டர் தள்ளி வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மாணவர் நிற்கட்டும். முதலாமவர் கைதட்டுகிறார், சற்றுப் பொறுத்து இரண்டாமவர் தட்டுகிறார். இரண்டு கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டுமா?

காட்டாது. முதல் தட்டு தூரத்திலிருக்கும் கடிகாரத்தைத் தாமதமாகத் தொடங்க வைக்கிறது, இரண்டாம் தட்டு பக்கத்திலிருக்கும் அதை உடனே நிறுத்திவிடுகிறது. மற்றதற்கு நேர்மாறு: உடனே தொடங்கித் தாமதமாக நிற்கிறது. ஆக வித்தியாசம், ஒலி 10 மீட்டர் கடக்க எடுக்கும் நேரம், சுமார் 0.029 நொடி. 10-ஐ அதனால் வகுத்தால் நொடிக்கு 345 மீட்டர் அளவில் வரும். கைதட்டுகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் விட்டார்கள் என்பது கழிந்து போய்விடுகிறது, அதுதான் இதன் அழகு. அறை இரைச்சலில் கடிகாரம் தானாக ஓடாதபடி எவ்வளவு சத்தத்துக்கு இயங்க வேண்டும் என்ற அதன் ஒலி வரம்பை மட்டும் சற்று உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும்.

முடுக்க உணரிக்குத் திரும்பினால் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. நான்கு பேர் தடித்த போர்வையை விரித்துப் பிடித்திருக்க, டேப்லெட்டை ஒரு முழம் உயரத்துக்கு மேல்நோக்கி எறிகிறோம். கையை விட்டு ஏறிக்கொண்டிருக்கும்போது உணரி என்ன காட்டும்? உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது? எழுதிவிட்டு எறியுங்கள்.