வெட்டரன் என்றால் 'மூத்த வீரர்' இல்லை

ஆங்கிலச் செய்திகளில் 'வெட்டரன்' (veteran) என்று வந்தாலே, தமிழாக்கும்போது 'மூத்த வீரர்' என்று போட்டுவிடுகிறார்கள். நடிகருக்கும் கிரிக்கெட் ஆட்டக்காரருக்கும் அது சரி, ஆனால் 22 வயதில் போர் முடிந்து ஊர் திரும்பியவரும் வெட்டரன்தானே, அவர் எப்படி மூத்தவர் ஆவார்?

லத்தீனில் 'வெடுஸ்' என்றால் பழைய. அதிலிருந்து வந்த 'வெடெரானுஸ்', படையில் பழம் தின்று கொட்டை போட்டவர். ரோமில் இது அரசியல் கனமுள்ள சொல். படைச்சேவை முடித்தவனுக்கு நிலம் வேண்டும், அதை வாங்கித் தருபவர் அவனுடைய தளபதி, அதனால் விசுவாசமும் குடியரசுக்கு அல்ல, தளபதிக்கே போனது. தளபதி சுல்லா இத்தாலியின் எத்ரூரியாவில் குடியமர்த்திய வீரர்களில் கடனில் மூழ்கிய பலர் கி.மு. 63-இல் ரோம அரசைக் கவிழ்க்க முயன்ற கத்திலினாவின் கலகத்தில் சேர்ந்தார்கள். பிறகு ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 6-இல் வாரிசுச் சொத்துக்கு 5 சதவீத வரி போட்டு, படைச்சேவை முடித்தவர்களுக்கென்றே தனிக் கருவூலம் வைத்தார். கருணை என்பதைவிட, இன்னொரு தளபதி தலையெடுக்கக் கூடாது என்ற கணக்கு என்றே எனக்குப் படுகிறது.

தமிழில் 'முன்னாள் படைவீரர்' என்பதே பொருத்தம், அரசு வழக்கிலும் அதுதான். ஊரில் 'எக்ஸ் சர்வீஸ்மேன்', 'மிலிட்டரிக்காரர்'. 'ஓய்வுபெற்ற' என்று போட்டால் பென்ஷன் வாங்குபவர் மட்டும்தான் நினைவுக்கு வருவார். குறளில் (762) வரும் 'தொல்படை' அழகான சொல், ஆனால் அது வழிவழியாக வரும் படை, சேவை முடித்தவர் அல்ல.

அப்புறம், முன்னாள் படைவீரர் என்றாலே ஒரே அரசியல் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில், ஒரே மாக்டெபர்க் நகரத்தில் இரண்டு சங்கங்கள் பிறந்தன. 1918-இல் தொடங்கிய ஷ்டால்ஹெல்ம் (எஃகுத் தலைக்கவசம்) தன்னைப் 'போர்முனை வீரர்' சங்கம் என்றது, போருக்குப் பின் வந்த குடியரசை வெறுத்தது. 1924-இல் வந்த ரைக்ஸ்பானர் 'போரில் பங்கேற்றோர்' சங்கம், குடியரசின் கறுப்பு-சிவப்பு-பொன் கொடியை முழுப் பெயரிலேயே வைத்துக்கொண்டு குடியரசைக் காக்கத் தெருவில் இறங்கியது. இரண்டிலும் அதே பதுங்குகுழிகளில் கிடந்தவர்கள்தான். 1933-இல் ஷ்டால்ஹெல்ம் தலைவர் ஃப்ரான்ஸ் செல்ட்டே ஹிட்லரின் அமைச்சரானார், ரைக்ஸ்பானருக்குத் தடை வந்தது.