“சாப்பிட்டாச்சு, தூங்கியாச்சு”

மதுரையில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். தனிமையில் வாடும் ஒருவர் பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதை, பாடப்புத்தகங்களைவிட இரண்டு நாவல்கள்தான் எனக்குத் தெளிவாகக் காட்டின.

தல்லாகுளம் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) பணி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, பிள்ளைகள் வெளியூரில். நாள் எப்படிப் போகிறது என்று கேட்டேன். “எந்திரிச்சாச்சு. டீ குடிச்சாச்சு. பேப்பர் பாத்தாச்சு. சாப்பிட்டாச்சு. தூங்கியாச்சு.” அப்போது சித்திரைத் திருவிழா முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மதுரைக்கு வரும் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்கு அவர் தெருவே நிரம்பி வழிந்திருக்கும். அதையும் “பாத்தாச்சு” என்றார்.

அந்த ‘ஆச்சு’வில் ஆள் இல்லை. பார்த்தேன் என்றால் ‘ஏன்’ விகுதியில் ‘நான்’ இருக்கிறேன். பாத்தாச்சு என்றால் யார் பார்த்தது? இன்னொன்றையும் கவனியுங்கள். எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கடைக்குப் போய் என்று வினையெச்சங்களால் கோத்துக்கொண்டே போவது தமிழின் இயல்பு. அவர் பேச்சில் அந்தக் கோப்பு அறுந்திருந்தது.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ (1942) நாவல் இப்படித்தான் எழுதப்பட்டது. தாயின் சாவைக்கூடக் கதைசொல்லி சின்னச் சின்ன வாக்கியங்களில் தகவலாகச் சொல்லிப் போகிறான். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாவதில்லை. அதன் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தீவு என்று 1943இல் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் எழுதினார். அந்நியமாதலை விளக்கிச் சொல்வதைவிட வாக்கிய அமைப்பிலேயே கொண்டுவருவது பெரிய கலை என்பேன்.

மதுரையில் பிறந்த ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) வேறு வழியில் போகிறது. சமூகத்தின் விளிம்பில் வாழும் கந்தன் என்பவனின் ஒரே ஒரு நாள்தான் நாவல். ஆசிரியர் அவனைக் கண்டிப்பதில்லை, அவனுக்காக இரங்கும்படி நம்மைக் கேட்பதும் இல்லை. கூடவே நடக்கிறார், அவ்வளவுதான். என் அறையில் நான் செய்ய முயல்வதும் அதைத்தான். வீட்டில் நீங்களும் செய்யலாம். “ஏன் இப்படி இருக்கீங்க, கோயிலுக்குப் போங்க, நாலு பேரோட பேசுங்க” என்று தீர்ப்புச் சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார்.

சரி, ‘சாப்பிட்டாச்சு’ என்பவர் எல்லாருக்கும் நோய் என்று பயந்துவிடாதீர்கள். ஊரே அப்படித்தான் பேசுகிறது. ஆனால் முழுநாளும் அந்த ஒரே அச்சில் வந்து, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, எதிலும் விருப்பம் எல்லாம் குறைந்திருந்தால் மனநல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. 14416 என்ற, அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

பெரியவரிடம் நான் சின்னக் கேள்விகள்தான் கேட்டேன். எங்கே நின்று பார்த்தீர்கள்? அழகர் வரும்போது மணி என்ன இருக்கும்? பக்கத்தில் யார்? நான்காவது சந்திப்பில் சொன்னார்: “மாடியில நின்னு பாத்தேன். அவ இருந்தா கீழ எறங்கிப் போயிருப்பேன்.”

அதற்கப்புறம்தான் அழுதார்.