குளத்த பெருசாக்கப் போய் கடல்ல விட்ட கதை

நாகர்கோவில்ல ஜிஐஎஸ் மேப்பிங் வேல பாக்குறேன், அதாவது கம்ப்யூட்டர்ல மேப் போடுற வேல. போன வாரம் கூட வேல பாக்குற தம்பி ஒருத்தன் போன் பண்ணி, "அண்ணே, தேரூர் குளம் டேட்டாபேஸ் டேபிள்ல இருக்கு, மேப்ல காணல"ங்கான். ஸூம் அவுட் பண்ணுடேன்னேன். பண்ணுனா குளம் இலங்கையத் தாண்டி வங்காள விரிகுடாவுல மெதந்துட்டு கெடக்கு.

மேப் டேட்டாவ வச்சிருக்குற போஸ்ட்ஜிஐஎஸ்ங்கிற டேட்டாபேஸ்ல எஸ்டி ஸ்கேல்னு வடிவத்த பெருசு சிறுசாக்குற ஒரு ஃபங்ஷன் உண்டு, குளத்த பெருசாக்க அதுல 1.1, 1.1ன்னு குடுத்து ஓட்டிருக்கான். அதுக்கு குளம் எது கர எதுன்னெல்லாம் தெரியாது, ஒவ்வொரு புள்ளியோட எக்ஸையும் ஒய்யையும் நாம குடுத்த நம்பரால பெருக்கும், அவ்ளோதான். எக்ஸ்னா தீர்க்கரேகை, ஒய்னா அட்சரேகை, நம்ம பக்கம் சுமாரா 77.5, 8.2 டிகிரி. 1.1 ஆல பெருக்கிப் பாருங்க, 85.25, 9.02. கடல்தான். பைத்தான்ல ஷேப்லிங்கிற லைப்ரரிய யூஸ் பண்ணி பழகுனவங்க இதுல கண்டிப்பா மாட்டுவாங்க, ஏன்னா அது நாம சொல்லாமலே வடிவத்தோட நடுவ வச்சு பெருசாக்கும், போஸ்ட்ஜிஐஎஸ் பூஜ்யம் பூஜ்யத்துல இருந்து இழுக்கும்.

போஸ்ட்ஜிஐஎஸ் 2.5 வெர்ஷன்ல இருந்து மூணாவதா ஒரிஜின், அதாவது எந்தப் புள்ளிய வச்சு பெருசாக்கணும்னு குடுக்கலாம், அங்க சென்ட்ராய்டப் (குளத்தோட நடுப்புள்ளி) போட்டா குளம் இருந்த எடத்துலயே பெருசாகும். ஆனா அப்படி எழுதும்போது 1.1ங்கிறத வெறும் நம்பரா குடுத்தா எரர் அடிக்கும், மேக்பாயின்ட்ங்கிற ஃபங்ஷன்ல 1.1, 1.1ன்னு ஒரு புள்ளியா மாத்தித்தான் குடுக்கணும்.

சரி, எதுக்குடே பெருசாக்குனேன்னு கேட்டா, கரையச் சுத்தி 10 மீட்டர் விட்டு ஒரு கோடு வேணுமாம். அதுக்கு ஸ்கேலே தப்பு! 200 மீட்டர் நீளம் 40 மீட்டர் அகலம் உள்ள ஒரு குளத்த நடுவுல வச்சு 1.1 போட்டா நீளவாக்குல ரெண்டு முனையிலயும் 10 மீட்டர் கூடும், அகலவாக்குல வெறும் 2 மீட்டர்தான். சுத்தி ஒரே தூரம் வேணும்னா டிகிரிய விட்டுட்டு மீட்டர்ல அளக்குற யூடிஎம் 43 நார்த்துக்கு, அதாவது இபிஎஸ்ஜி கோடு 32643க்கு, டிரான்ஸ்ஃபார்ம் பண்ணிட்டு பஃபர் (சுத்தி ஒரே தூரத்துல கோடு போடுற ஃபங்ஷன்) போடணும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022லயே ராம்சர் பட்டியல்ல, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட பட்டியல்ல வந்தது, அங்க 2 மீட்டர 10 மீட்டர்னு காட்டுனா யாரு பதில் சொல்லுறது?

இதவிட பயமா இருக்குறது செண்ட் கணக்கு. பட்டாவுல 12 செண்ட், மேப்ல 10 செண்ட்தான் வருது, கொஞ்சம் இழுத்து விடுங்கன்னு கேட்டு வர்றவங்க உண்டு. மொதல்ல, 1.2 போட்டா 12 வராது, நீளம் அகலம் ரெண்டும் கூடுறதால 14.4 செண்ட் ஆயிரும். 12க்கு 1.2ஓட வர்க்கமூலம், சுமாரா 1.095 போடணும். கணக்கு சரியா வந்தாலும் நாலு பக்கமும் அடுத்தவன் வேலிக்குள்ளதான போகும்? தப்பு பெரும்பாலும் பழைய எஃப்எம்பி (நில அளவு புத்தகம்) ஸ்கெட்ச ஸ்கேன் பண்ணுனதுலயோ எங்கயோ ஒரு அளவ மாத்தி அடிச்சதுலயோ இருக்கும், அதத் தேடாம இழுத்து விட்டா பக்கத்து வீட்டுக்காரன் சர்வேயரோட வந்து நிப்பான். நான் யாருக்கும் இத பண்ணிக் குடுக்க மாட்டேன்.

தம்பி பண்ணுன இன்னொரு கூத்து, செலக்ட் போட்டு ரிசல்ட்ட மட்டும் பாக்காம, நேரா அப்டேட் போட்டு டேபிளயே மாத்திட்டான், பேக்கப்பும் இல்ல. 1ஐ 1.1ஆல வகுத்து அந்த நம்பரால திருப்பி ஸ்கேல் பண்ணி கொண்டு வந்தோம், கடைசி தசமத்துல துளி வித்தியாசம் இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. நல்லவேள ஒரு தடவதான் ஓட்டிருந்தான். ரெண்டாவது தடவ ஓட்டிருந்தா குளம் கார் நிக்கோபார் தீவத் தாண்டிருக்கும்.