பச்சையாக வெளியே வந்து நீலமாகும் துணி

நீலச் சாயம் தரும் செடியான அவுரியின் சாயத்தொட்டியில் முக்கிய துணியை வெளியே எடுக்கும்போது அது நீலமாக இருக்காது. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் சொட்டச் சொட்ட வரும், காற்று பட்டதும் நம் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக நீலமாக மாறும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு ஏதோ வித்தை மாதிரி இருக்கும். இதற்குப் பின்னால் இருக்கும் வேதியியல் தெரிந்தால், 'இயற்கைச் சாயம்' என்று எழுதி விற்கிற துணியைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

அவுரி இலையில் நீலமே கிடையாது. இண்டிகன் என்ற நிறமில்லாத பொருள்தான் இருக்கிறது, அதாவது இண்டாக்சில் என்ற மூலக்கூறு ஒரு சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலையைத் தண்ணீரில் ஊறவைத்தால் நொதிகள் அந்தச் சர்க்கரையை வெட்டிவிடும். அப்புறம் சுண்ணாம்பு சேர்த்து, காற்று உள்ளே போகிற மாதிரி அந்தத் தண்ணீரை அடித்துக் கலக்குவார்கள், இரண்டு இரண்டு இண்டாக்சிலாகச் சேர்ந்து இண்டிகோ என்ற நீலச் சாயம் பிறந்து அடியில் சேறு போலப் படியும். அதைக் காயவைத்தால் நீலக்கட்டி.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இண்டிகோ தண்ணீரில் கரையாது, ஏனென்றால் அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். கரையாத சாயம் நூலுக்குள் எப்படிப் போகும்? அதற்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து ஒடுக்க வேண்டும், அதுவும் காரத் தண்ணீரில். அப்போது அது லூகோ இண்டிகோ என்ற மஞ்சள் வடிவத்துக்கு மாறிக் கரையும், நூலுக்குள் நுழையும், வெளியே எடுத்ததும் ஆக்சிஜனோடு சேர்ந்து பழையபடி கரையாத நீலமாகி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கதவைத் திறந்து உள்ளே விட்டுப் பூட்டிவிட்ட மாதிரி. இதனால் சாயத்தை நூலோடு பிடித்துவைக்கும் படிகாரம் போன்ற பிடிப்பான் எதுவும் இதற்குத் தேவையில்லை.

அந்த எலக்ட்ரான்களை யார் கொடுப்பது? பழைய முறையில் பாக்டீரியாக்கள். வெல்லம், தகரை விதை, தவிடு என்று எதையாவது தீனி போட்டு, சுண்ணாம்போ சாம்பல் தண்ணீரோ ஊற்றிக் காரத்தைக் காத்து, தொட்டியை உயிரோடு வைத்திருப்பார்கள். நாறும், அதில் ஒளிவுமறைவு இல்லை. மேலே செம்பு நிறத்தில் ஒரு படலம் கட்டியிருந்தால் தொட்டி தயார். நன்றாகப் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் அதே தொட்டியில் சாயம் போடலாம்.

ஆலைகளில் இந்த வேலையைச் சோடியம் டைதயோனைட் செய்கிறது, சாயக்காரர்கள் ஹைட்ரோஸ் என்பார்கள். வேகமானது, நம்பகமானது, ஆனால் வேலை முடிந்ததும் சல்ஃபைட்டாகவும் சல்ஃபேட்டாகவும் கழிவுநீரில் போய்ச் சேரும். 1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் என்ற வேதிப்பொருள் நிறுவனம் செயற்கை இண்டிகோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த நீல மூலக்கூறும் செடியிலிருந்து வருவதும் ஒன்றேதான், கரைக்கும் வழியும் ஒன்றேதான். ஆகவே செடியில் எடுத்த நீலத்தை வாங்கி ஹைட்ரோஸ் போட்டுக் கரைத்தால், கழிவுநீரைப் பொறுத்தவரை பாதிக் கதைதான் மாறியிருக்கிறது. செடியா ஆலையா என்று கேட்பதோடு எதை வைத்துக் கரைத்தார்கள் என்றும் கேட்க வேண்டும், பெரும்பாலான விளம்பரங்களில் அதைப் பற்றி மூச்சே இருக்காது.

வடிவமைப்பாளர்களுக்கு இந்தத் தொட்டியில் இன்னொரு வசதி உண்டு, அது கொதிக்க வேண்டியதில்லை. எரிபொருள் மிச்சம் என்பது ஒரு பக்கம். வெதுவெதுப்பான தண்ணீரில் மெழுகு உருகாது என்பதுதான் பெரிய விஷயம். மெழுகால் வரைந்து சாயம் ஏற்றும் பாத்திக் இண்டிகோவோடு இவ்வளவு ஒத்துப்போவது இதனால்தான், ஜாவாவிலும் சீனாவின் மியாவ் மக்களிடமும் அதைப் பார்க்கலாம். நைஜீரியாவின் யொருபா பெண்கள் மெழுகுக்குப் பதிலாக மரவள்ளி மாவுப் பசையால் வரைந்து அடிரே என்ற சாயத்துணி செய்கிறார்கள், கொதிக்கிற தண்ணீரில் அந்தப் பசையும் நிற்காது.

அடர்நீலம் வேண்டும் என்று துணியை மணிக்கணக்கில் ஊறப்போடுவதில் பயனில்லை. ஒடுக்கும் தொட்டிக்குள் கிடக்கக் கிடக்க, ஏற்கெனவே ஏறிய நீலமும் திரும்பக் கரைந்து வெளியே வரும். முக்கு, எடு, காற்றாட விடு, மறுபடி முக்கு, இப்படிப் பல தடவை. ஒவ்வொரு முக்கலுக்கும் ஒரு படி ஆழம் கூடும்.

சாயம் நூலோடு வேதிப்பிணைப்பு எதுவும் போடாமல் சும்மா உள்ளே அடைபட்டுத்தான் இருக்கிறது, அதிலும் பெரும்பகுதி மேற்பரப்பை ஒட்டியே. இதே இண்டிகோ ஏறிய ஜீன்ஸ் நூல் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், நடுவில் வெள்ளையாக இருக்கும். தேயத் தேய அந்த வெள்ளை எட்டிப்பார்ப்பதைத்தான் வெளுப்பு என்கிறோம். வெளுத்துவிட்டது என்று அந்தத் துணியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, நன்றாகத் துவைத்து அதே தொட்டியில் இரண்டு முக்கு முக்கினால் முட்டியில் போன நீலம் திரும்ப வந்துவிடும்.