மலைக்கிராமத்தை போனில் பார்க்கும் முன்

சமூகப்பணி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். கொரோனா ஊரடங்கில் ஜவ்வாது மலைக்குப் போக முடியாமல் போனபோது, இணையவழிக் களப்பணியைத் தொடங்கினோம். செவிலியம், வேளாண்மை, சட்டம், சிவில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

முதல் தடவை நான் தவறு செய்தேன். தன்னார்வலர் ஒருவர் போனோடு வீடு வீடாகப் போனார். அடுப்படி, உரல், மூலையில் படுத்திருந்த ஒரு பாட்டி என எல்லாம் திரையில் வந்தன. அந்தப் பாட்டியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

அப்புறம் போனை ஊர்க்காரர்களிடமே கொடுத்துவிட்டோம். எதைக் காட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. சிக்னல் ஊருக்கு மேலே ஒரு பாறையில்தான் கிடைக்கும். அதனால் ஒரு அக்கா வீட்டிலிருந்து பஸ் ரோடு வரை நடந்ததைப் படம்பிடித்து, பாறைக்கு ஏறிப்போய்த் துண்டு துண்டாக அனுப்பினார். கூகுள் எர்த்தில் அளந்தால் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. வீடியோ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது.

சிவில் மாணவர் சரிவையும் ஓடை குறுக்கிடும் இடங்களையும் குறித்துக்கொண்டார். செவிலிய மாணவி கவனித்தது அக்காவின் மூச்சிரைப்பை. “நிறைமாசக்காரங்க இந்த வழியில எப்படிக்கா இறங்குவாங்க?”

“டோலி கட்டித் தூக்கிட்டு வருவோம் பாப்பா. நாலு ஆளு வேணும். மழைன்னா ஆறு.”

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில், பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்தபடி நடந்தார். பாதி வழிக்கு மேல் ஆம்புலன்ஸ் போக ரோடு இல்லை. செய்தியாகப் படித்தபோது பரிதாபப்பட்ட பிள்ளைகள், இந்த வீடியோவுக்குப் பிறகு காரணம் தேட ஆரம்பித்தார்கள். “காடு, அதனால் ரோடு போட முடியாது” என்ற பதிலைச் சட்ட மாணவி ஏற்கவில்லை. 2006 வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2)-ஐ எடுத்துவந்தார். பள்ளி, அங்கன்வாடி, சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, கிராம சபை பரிந்துரைத்தால் ஒதுக்க அது இடம் தருகிறது. ஒரே துறைப் பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்திருந்தால் பேச்சு இவ்வளவு தூரம் வந்திருக்காது.

இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களிடம் சில வார்த்தைகள். போன் பிடிப்பவருக்கு ஒரு நாள் கூலியும் ரீசார்ஜும் கொடுத்துவிடுங்கள்; அவர் சாமை வயல் வேலையை விட்டுவிட்டு வருகிறார். மாணவர்கள் யாரும் அந்த வீடியோவை ஸ்டேட்டஸில் வைக்கக் கூடாது. அழிக்கச் சொன்னால் அன்றே அழித்துவிட வேண்டும்.

பாதையை வரைந்து அக்காவுக்கு அனுப்பினோம். பாறையிலிருந்து கூப்பிட்டார். “ரெண்டாவது ஓடையை விட்டுட்டீங்களே. நான் படம் எடுத்தது கோடையில, அப்போ அது காஞ்சு கிடந்துச்சு.”

அவர் திருத்திய வரைபடம்தான் கிராம சபைக்குப் போனது.