கமிட்மென்ட்: அர்ப்பணிப்பா, பிணைப்பா?

காரைக்குடிப் பக்கம் ஒரு நூற்பாலை. ஆய்வுக்குக் கேள்வித்தாள் கொண்டுபோன மாணவிக்குத் துணையாகப் போயிருந்தேன். ‘நிறுவனத்தின் மீது உங்களுக்கு அர்ப்பணிப்பு உள்ளதா?’ என்று ஒரு கேள்வி. வைண்டிங்கில் (நூல் சுற்றும் பிரிவில்) நிற்கும் அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “நான் என்னத்தம்மா அர்ப்பணிக்கிறது? எட்டு மணி நேரம் நிக்கிறேன், சம்பளம் வாங்குறேன்.”

அவர் சொன்னதுதான் சரி. அர்ப்பணம் சாமிக்குச் செய்வது. வைத்த பூவைத் திரும்பக் கேட்க மாட்டோம். கூலிக்கு உழைப்பவரிடம் அதை எப்படிக் கேட்பது? ஆங்கிலக் ‘கமிட்மென்ட்’டுக்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டுகிற பழக்கம் இது. இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

கமிட்மென்ட் லத்தீன் வழி வந்தது. ஒன்றுசேர்த்தல், ஒப்படைத்தல் என்பது வேர்ப்பொருள். வேலையிடத்தில் அதை உளவியலாளர்கள் மேயரும் ஆலனும் 1991-ல் மூன்றாகப் பிரித்தார்கள்: பிடித்திருப்பதால் இருப்பது, போனால் நட்டம் என்பதால் இருப்பது, இருப்பதுதான் முறை என்று இருப்பது. நிரந்தரத் தொழிலாளி 5 ஆண்டு முடித்தால்தான் பணிக்கொடை (கிராஜுவிட்டி). நாலாம் வருடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர் இரண்டாம் வகை. அதில் அர்ப்பணிப்பு எங்கே இருக்கிறது?

தனித்தமிழ் அன்பர்கள் ‘கடப்பாடு’ என்கிறார்கள். எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் மூன்றாம் வகைக்கு மட்டுமே பொருந்தும். அதுவும் முழுக்க இல்லை: ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று வள்ளுவர் (குறள் 211) மழையை வைத்துச் சொல்கிறார். மழை சம்பளம் கேட்காது. தொழிலாளி கேட்பார், கேட்கவும் வேண்டும். ‘விசுவாசம்’ என்பதோ எசமான் காலத்துச் சொல், அதை விட்டுவிடலாம்.

நான் சொல்வது ‘பிணைப்பு’. பாசத்தாலும் பிணையலாம், பணத்தாலும் பிணையலாம், முறையாலும் பிணையலாம். கண்டாங்கிச் சேலை நெய்கிறவர்கள் பழைய பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்) தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு பிணைப்பதைப் பார்த்தால் சொல்லின் பொருள் கையிலேயே தெரியும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வணிகம் பார்க்கப் போன நம் ஊர் ஆட்கள் மூன்று வருடத்துக்குச் சம்பளச் சீட்டு (வேலை ஒப்பந்தம்) எழுதிக் கப்பல் ஏறினார்கள். அதுவும் பிணைப்புதான், யாரும் அதை அர்ப்பணிப்பு என்று சொன்னதில்லை. கொத்தடிமை வாடை அடிக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். அதற்குத் தனிச்சொல் இருக்கிறது, இதோடு குழப்ப வேண்டாம்.

மறுநாள் கேள்வியை மாற்றிக் கேட்டோம். ‘இந்த மில்லோடு உங்களுக்குப் பிணைப்பு உண்டா?’

“உண்டு. பதினோரு வருசமாச்சுல்ல. பொண்ணு காலேஜ் முடிக்கிற வரைக்கும் விடவும் முடியாது” என்றார் அதே அக்கா.