எச்.ஐ.வியோடு வாழ்பவருக்கு காப்புறுதி: வன்னியில் என்ன கிடைக்கும், எதை விட்டுவிடக் கூடாது

எச்.ஐ.வி இருக்கிறது என்று தெரிந்த ஆள் கொஞ்ச நாளில் கேட்கிற கேள்வி, "இனி எனக்கு ஆர் காப்புறுதி தருவினம்?" என்பது. அதற்குப் போகமுன், கையில் ஏற்கெனவே இருப்பதைப் பார்ப்போம். இலங்கையில் எச்.ஐ.வி மருந்தை அரசாங்கம் 2004ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து இலவசமாகக் கொடுக்கிறது. பரிசோதனைக்கும் காசில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கு மாவட்டங்களிலும் அரச பாலியல் நோய் கிளினிக் உண்டு. எந்தக் கடிதமும் இல்லாமல் நேரே போகலாம். மருந்தை எங்கே எடுப்பது என்று அவர்களே சொல்வார்கள். ஊர்ச்சனம் கண்டுவிடும் என்ற பயம் இருந்தால் பக்கத்து மாவட்டத்தில் பதியலாம். வன்னியில் அந்தப் பயத்தைப் பிழை சொல்ல முடியாது, கிளினிக் வாசலில் நிற்பவர் மச்சாளின் சிநேகிதியாக இருப்பார்.

ஆகவே தனியார் காப்புறுதியை எச்.ஐ.வி மருந்துக்காகத் தேட வேண்டியதில்லை. டெங்கு, விபத்து, சத்திரசிகிச்சை என்று ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் காசு வருமா என்பதே கேள்வி. பல காப்புறுதிப் பத்திரங்களில், எதற்கெல்லாம் காசு தரமாட்டோம் என்று சொல்லும் விலக்குகள் என்ற பகுதியில் எச்.ஐ.வி இருக்கும். கையெழுத்து வைக்கமுன் அதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். எச்.ஐ.வி சிகிச்சையை மட்டும் விலக்கியிருந்தால் பெரிய நட்டமில்லை. அதோடு தொடர்புடைய எல்லா நோயும் என்று எழுதியிருந்தால் யோசிக்க வேண்டும். சாதாரண நியூமோனியாவையும் கம்பனி அதற்குள் போட்டுவிடலாம்.

தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, எச்.ஐ.வி என்று காப்புறுதி மறுக்க முடியாது என்று இங்கே சிலர் வாதாடுகிறார்கள். அது இந்தியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம். அதைக் காட்டி இலங்கைக் கம்பனியிடம் பத்திரம் வாங்க முடியாது.

சரி, படிவத்தில் நோய் பற்றிக் கேட்டால்? சில ஏஜென்ட்மார், "எல்லாத்துக்கும் இல்லை என்று போடுங்கோ, நான் பார்க்கிறன்" என்பார்கள். கையெழுத்து உங்களுடையது. பின்னர் உண்மை தெரிந்தால் கம்பனி முழு ஒப்பந்தத்தையும் செல்லாது என்று சொல்லலாம். வருசக்கணக்காகக் கட்டியும் மனைவி பிள்ளைகளுக்கு ஒன்றும் வராமல் போகலாம். அப்போது அந்த ஏஜென்ட் வேறு கம்பனியில் இருப்பார்.

நோய் தெரியமுன் எடுத்த பத்திரம் இருந்தால் அதை எப்படியாவது காப்பாற்றுங்கள். இதில்தான் வன்னியில் பலர் தவறவிடுகிறார்கள். வயலும் கடலும் மாதச் சம்பளம் தருவதில்லை, தவணையோ மாதாமாதம் வரும். தவணை நின்று பத்திரம் காலாவதியானால், அதை உயிர்ப்பிக்கப் புதிதாக உடல்நல உறுதிமொழி கேட்பார்கள், அப்போது எச்.ஐ.வியைச் சொல்லியாக வேண்டும், கம்பனி மறுக்கவும் செய்யலாம். மாதத் தவணையை வருடத் தவணையாக மாற்றி, காலபோக அறுவடைக் காசு கையில் வரும்போது ஒரேயடியாகக் கட்டிவிடுவது நல்லது. வருடாவருடம் புதுப்பிக்கும் மருத்துவக் காப்புறுதி என்றால், புதுப்பித்தல் படிவத்தில் உடல்நலம் பற்றிக் கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளதை எழுத வேண்டும்.

அரச ஊழியருக்கு அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. சம்பளத்தில் கழிப்பதால் தவணை தவறும் கவலை இல்லை. தனியார் கம்பனிகளில் ஊழியர் எல்லோரையும் சேர்த்து எடுக்கும் குழுக் காப்புறுதியிலும் ஆளாளுக்கு மருத்துவப் பரிசோதனை பெரும்பாலும் இராது. தனியாக எடுக்க முடியாதவருக்கு இதுதான் நல்ல வழி. ஒரு சங்கடம்: காசு கோரும் படிவத்தில் நோயின் பெயர் இருக்கும், அது அலுவலகம் வழியாகப் போனால் அங்கே கண்ணில் படும். நேரே கம்பனிக்கு அனுப்பலாமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

கம்பனி காசு மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், போனில் சொன்னது போதாது. அந்தக் கடிதத்தோடு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம், அதாவது காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுவரிடம், செலவில்லாமல் முறையிடலாம். இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். அது அரச நிறுவனம், தமிழிலேயே எழுதுங்கள்.